ஒரு விரல் இடம்

"இதுக்குள்ள என்னத்த வச்சு மூடறீங்க?" என்று அக்காவின் பேக்கரியில் ஓவன் பழுது பார்க்க வந்தவர் ஒருமுறை ஒரு பஃப்ஸைக் காட்டி அவளிடம் கேட்டார். அவள் வாய் திறப்பதற்குள் அக்கா முந்திக்கொண்டாள்.

"பாதாம் க்ரீம்தான், பின்ன புதையலா? அவகிட்ட பதில் வாங்கறதுக்குள்ள விடிஞ்சிரும். சரியான வாயில்லாப்பூச்சி!"

அவர் சிரித்தார். அவளைப் பார்த்துத்தான் சிரித்தார்.

அன்றிலிருந்து ஓவன் எப்போது மக்கர் பண்ணும் என்று அவளுக்கு ஏக்கம் பிடித்துக்கொண்டது. அது நின்றால் அக்காவின் கடையே படுத்துவிடும் என்று தெரியாதவளா? இருந்தாலும் ஓவன் கதவைச் சாத்தும்போதெல்லாம் காதைத் தீட்டிக்கொள்வாள். பாழாய்ப்போனது ஒழுங்காகத்தான் எரியும்.

இன்று அவர் புது ஓவனை மாட்ட வந்திருந்தார்.

"இனிமே கம்பெனி ஆளுங்களே வந்து பாத்துப்பாங்கக்கா. எனக்கு இங்க வேலையில்ல" என்றார் அக்காவிடம்.

சூடு சரியாக இருக்கிறதா என்று பார்க்க ஒரு ட்ரே வேண்டியிருந்தது. அவள் மாவு வட்டங்களைப் பரப்பி, நடுவில் பாதாம் க்ரீமை வைத்தாள். ஓரத்தில் ஒரு விரல் இடம் விட வேண்டும். சூட்டில் க்ரீம் உப்பும், இடமில்லாவிட்டால் வாய் பிளந்துகொள்ளும். தூக்கத்தில்கூட அவள் கை தவறாது. கடைசி வட்டத்துக்கு வந்தபோது, அவர் கேட்டதற்குத் தான் இன்னும் பதில் சொல்லவில்லை என்று தோன்றியது. இன்னொரு கரண்டி வைத்தாள். பிறகு இன்னொன்று. மேலே மாவை மூடி ஓரத்தை அழுத்தினாள்.

ட்ரே வெளியே வந்தது. எல்லாம் பொன்னாய் உப்பியிருக்க, ஒன்று மட்டும் வெடித்து, க்ரீம் வழிந்து கருகியிருந்தது.

"அடியே, யாருக்குடி இப்படித் திணிச்ச?"

அவள் கண், அவளைக் கேட்காமலே அவர் பக்கம் போய்விட்டது. அக்கா பார்த்துவிட்டாள். அவரும் பார்த்தார். சரியாக இருந்த ஓவன் திருகாணியை வீணாக ஒருமுறை திருகினார்.

"நல்லதா ஒண்ணு எடுத்துக்கங்க தம்பி" என்றாள் அக்கா, குரலை இறக்கி.

அவர் வெடித்ததைத்தான் எடுத்தார். ட்ரேயில் ஒட்டியிருந்த க்ரீமையும் சுரண்டி அதன்மேல் வைத்து, காகிதத்தில் பொதிந்துகொண்டார். வாசலில் நின்றார்.

"பாதாம்... வெண்ணெய்... சர்க்கரை..." என்று ஆரம்பித்தாள் அவள். அதோடு நிறுத்தி, மாவுக் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டாள்.

அவர் காத்திருந்தார். பிறகு பொட்டலத்தைச் சட்டையோடு அணைத்துக்கொண்டு படியிறங்கிப் போனார்.