பள்ளம் எந்தப் பக்கம்

தையல்காரரின் கணினிக்கு முதன்முதலாக மின்சாரம் கொடுப்பது ஞாயிற்றுக்கிழமை காலை பத்தரைக்கு என்று முடிவாகியிருந்தது. பத்தே காலுக்கெல்லாம் நூலகத்தின் மூன்றாம் மாடி அறையில் ஒன்பது பேர் கூடிவிட்டார்கள். ஐம்பது வருஷத்துக்கு முன்னால் வந்து, வந்த சுவடு தெரியாமல் போன ஒரு கணினியின் நகல் அது. திரை கிடையாது, விசைப்பலகை கிடையாது. முகப்பில் வரிசையாகச் சுவிட்சுகள், அவற்றுக்கு மேல் சிவப்பு விளக்குகள், அவ்வளவுதான். இதை உதிரிப் பாகங்களாகப் பெட்டியில் வரும் கிட்டாக வாங்கி, மூன்று மாதம் குனிந்த தலை நிமிராமல் பற்றவைத்து, கடைசியில் அது இரண்டையும் மூன்றையும் கூட்டி ஐந்து என்று விளக்கைக் காட்டினால் துள்ளிக் குதிக்கிற கூட்டம் இது. வீட்டில் இருப்பவர்கள் தங்களைப் பற்றி என்ன பேசிக்கொள்கிறார்கள் என்பது இவர்களுக்கு நன்றாகவே தெரியும். காதில் போட்டுக்கொள்வதில்லை.

கிட்டை வடிவமைத்தவள் கண்ணாடிக்காரி. மூக்குக்கண்ணாடிக் கடையில் கண் பரிசோதித்து, லென்ஸ் தேய்த்துக் கொடுப்பது அவள் வேலை. பழைய இயந்திரத்தின் படங்களைப் பார்த்துப் பார்த்து, எந்தக் கம்பி எங்கே ஓட வேண்டும் என்று ஒரு வருஷம் வரைந்து, ஆறு பச்சைப் பலகைகள் அடித்து வரவழைத்தவள். ஒன்று அவளுடையது. அது இதே அறையில் மூலை மேசையில் மூன்று மாதமாகக் கண்ணைச் சிமிட்டிக்கொண்டிருக்கிறது. இரண்டாவது அவளுடைய அண்ணனுடையது. அது போன மாதம் இதே அறையில், சுவிட்சைப் போட்ட நாலாவது வினாடியில் புகைந்து செத்தது.

அண்ணன் இன்று வந்திருந்தான். கடைசி வரிசையில், கதவை ஒட்டின நாற்காலியில் உட்கார்ந்திருந்தான். ஒரு மாதமாக வராதவனை நேற்று அவள்தான் போனில் கெஞ்சி வரவழைத்திருந்தாள். அவன் லிஃப்ட் மெக்கானிக். இருபத்தாறு வருஷமாக அந்தரத்தில் தொங்கிக்கொண்டு கம்பி கட்டுகிறவன். அந்தப் புகைக்குப் பிறகு அவனுக்கு என்னவோ ஆகிவிட்டது. இணைத்த கம்பியை மறுபடி கழற்றிப் பார்ப்பதும், முடித்த வேலையை இன்னொருவரைக் கூப்பிட்டுக் காட்டுவதுமாக இருப்பதாக அண்ணிதான் சொன்னாள். மாடிமாடியாக ஏறுகிற வேலை வேண்டாம், உதிரிபாகக் கிடங்கில் உட்கார்ந்துகொள்கிறேன் என்று மேலாளருக்குக் கடிதமும் எழுதி வைத்திருக்கிறானாம். திங்கட்கிழமை கொடுக்கப்போகிறானாம். இன்றைக்கு ஒரு இயந்திரம் நல்லபடியாக இயங்குவதைப் பார்த்தால் அவன் மனசு மாறும் என்று கண்ணாடிக்காரி ஒரு கணக்குப் போட்டிருந்தாள்.

புகைந்த அன்றைக்கு நடந்தது இது. புகை அடங்கியதும் அவள் பலகையை ஒரே பார்வை பார்த்தாள். கணினியின் மூளையான பிராசசர் சிப் திருப்பி மாட்டியிருந்தது. அந்தச் சிப்பின் ஒரு முனையில் நகத்தளவு பள்ளம் இருக்கும். அது எந்தப் பக்கம் பார்க்க வேண்டும் என்பது பலகையில் சிப் உட்காரும் இடத்திலேயே வெள்ளை மையால் அச்சடித்திருக்கும். அண்ணன் சிப்பில் பள்ளம் இடப்பக்கம் இருந்தது. வலப்பக்கம் இருக்க வேண்டும்.

"நீ வரைஞ்ச அச்சுல இடப்பக்கம்தானே பாப்பா இருந்துச்சு? சிப்பைத் தூக்கிட்டு ஒரு தடவை பாரேன்" என்றான் அவன்.

"நான் வரைஞ்சது எனக்குத் தெரியாதாண்ணா?" என்று அவள் சிரித்துவிட்டாள். எல்லோரும் சிரித்தார்கள். கருகின சிப்பைத் தூக்கிப் பார்க்க யாருக்குத் தோன்றும்? பலகையை அப்படியே டப்பாவில் போட்டு மூடினான் அவன். மறுநாள் கடைக்கு வந்து, "கண்ணைப் பாரு" என்று உட்கார்ந்தான். கடைசி வரிப் பொடி எழுத்துவரை தடங்கலில்லாமல் வாசித்தான். "கண்ணு தங்கம் மாதிரி இருக்குண்ணா" என்றாள். "அப்ப மண்டையிலதான் கோளாறு" என்று சிரித்துக்கொண்டே எழுந்து போனான். அதை அவள் வேடிக்கை என்று எடுத்துக்கொண்டாள்.

சரியாகப் பத்தரைக்குத் தையல்காரர் கைகளைத் துடைத்துக்கொண்டு வந்து பலகையின் முன்னால் நின்றார். அவர் எதையும் இரண்டு தடவை அளக்காமல் வெட்டாத மனிதர். பிராசசருக்காக மட்டும் இரண்டு வருஷம் காத்திருந்தார். வெள்ளைப் பீங்கான் உடம்பும் பொன்முலாம் பூசின நாற்பது கால்களும் கொண்ட அசல் சிப், எங்கோ ஒரு கிடங்கில் மிச்சமிருந்த ஒன்று. இன்னொன்று கிடைக்காது என்று அனுப்பியவரே எழுதியிருந்தார். அண்ணனிடம் இருந்ததும் அதே வகைதான்.

சங்கத்தில் ஒரு முறை உண்டு. முதல் மின்சாரத்துக்கு முன் ஒருவர் பட்டியலை வரிவரியாக வாசிக்க வேண்டும். கட்டியவர் ஒவ்வொரு வரிக்கும் பலகையைப் பார்த்து வாயால் பதில் சொல்ல வேண்டும். தலையாட்டினால் செல்லாது. அவர் கேட்காமல் வேறு யாரும் பலகையில் கை வைக்கக்கூடாது. இன்று வாசிப்பவள் கண்ணாடிக்காரி.

"ஒண்ணு. மின்சார வயர் கழட்டியிருக்கா?"

"கழட்டியிருக்கு."

"ரெண்டு. உலோகத் துணுக்கு, கம்பித் துண்டு ஏதாவது கிடக்கா?"

"இல்லை."

பதினாறு வரிகள் தங்குதடையின்றி ஓடின. பதினேழாவது வரி பழைய பட்டியலில் கிடையாது. அண்ணன் செய்த தப்பை வேறு யாரும் செய்துவிடக்கூடாது என்று போன வாரம் அவளே கையால் எழுதிச் சேர்த்தது.

"பதினேழு. பிராசசர்ல பள்ளம் வலப்பக்கம் இருக்கா?"

தையல்காரர் குனிந்து பார்த்தார். நிமிர்ந்தார். மறுபடி குனிந்தார்.

"இல்லை" என்றார்.

சிப்பின் இடது முனையை விரலால் காட்டினார்.

"இடப்பக்கம்தான் இருக்கும்மா."

"திருப்பி வெச்சிருக்கீங்க" என்றாள் கண்ணாடிக்காரி. அவளுக்கு மூச்சே அப்போதுதான் வந்தது. நல்லவேளை, அந்த வரியைச் சேர்த்தோம் என்று தன்னைத் தானே மெச்சிக்கொண்டாள்.

"இல்லைமா. அச்சைப் பாத்துதான் வெச்சேன். அச்சுலயும் இடப்பக்கம்தான்."

"இதுவும் அண்ணன் கேஸ்தான்!" என்று நடுவரிசையிலிருந்து ஒரு குரல் வந்தது. அந்த மனிதரை எல்லோரும் ஒலிபெருக்கி என்றுதான் கூப்பிடுவார்கள். ரகசியத்தைக்கூட உரக்கத்தான் சொல்லத் தெரியும் அவருக்கு. "வரைஞ்சவங்க வலதுங்கிறாங்க, மாட்டினவரு இடதுங்கிறாரு. அடுத்து என்ன, புகைதானே?"

சிரிப்பு எழுந்தது. தையல்காரர் சிரிக்கவில்லை. "நான் துணி வெட்டறவன். வலது இடது தெரியாம முப்பது வருஷம் சட்டை தைக்க முடியாது. நீங்களே தூக்கிப் பாருங்கமா" என்று ஒதுங்கி இடம் விட்டார்.

அவள் சிறிய இடுக்கியை எடுத்து, சிப்பை இந்த முனையில் கொஞ்சம், அந்த முனையில் கொஞ்சம் என்று நெம்பினாள். ஒரு கால் வளைந்தாலும் போச்சு. கடைசியில் அது செருகியிருந்த சாக்கெட்டை விட்டு முழுசாக எழுந்து வந்தது. இடது உள்ளங்கையில் வைத்துக்கொண்டு, நெற்றியில் மாட்டியிருந்த பூதக்கண்ணாடியைக் கண்ணுக்கு இறக்கினாள்.

சாக்கெட்டின் இரண்டு வரிசைத் துளைகளுக்கு நடுவில் பச்சைப் பலகை தெரிந்தது. அதில் வெள்ளைக் கோட்டுப் படம். படத்தில் அரைவட்டப் பள்ளம்.

இடப்பக்கம்.

அவள் மறுபடி பார்த்தாள். பள்ளத்தை ஒட்டி வர வேண்டிய முதல் காலுக்கான சதுரப் புள்ளி வலக்கோடியில் இருந்தது. அது சரி. படத்தின் பள்ளம் இடக்கோடியில் இருந்தது. அது தப்பு. கட்டைவிரல் நீளத்துக்குள் ஒன்று சொல்வதை இன்னொன்று மறுத்துக்கொண்டிருந்தது.

எப்படி நடந்தது என்று யோசிக்கவே வேண்டியிருக்கவில்லை. வரைந்து முடிக்கிற சமயத்தில் நாலு கம்பிகளின் தூரத்தைக் குறைக்கப் பிராசசரை மட்டும் தலைகீழாகத் திருப்பினாள். வரைபடத்தில் கால்கள் இருந்த அடுக்கைத் திருப்பினாள். படம் இருந்த அடுக்கைத் திருப்ப மறந்தாள். தன்னுடைய பலகையில் மாட்டும்போது, திருப்பினது ஞாபகம் இருந்ததால் சரியாக மாட்டினாள். அச்சைப் பார்க்கவே இல்லை. தான் வரைந்ததை ஒருத்தி எதற்காக வாசித்துப் பார்ப்பாள்?

"என்னமா இருக்கு?" என்றார் தையல்காரர். அவள் தலை மறைத்ததால் அவருக்கு ஒன்றும் தெரியவில்லை.

"ஒரு நிமிஷம்."

சிப் உள்ளங்கையில் வியர்வை பட்டு வழுக்கியது. இதைத் திருப்பிப் பிடித்து, பள்ளத்தை வலப்பக்கம் வைத்து அழுத்தினால் போதும். அந்தப் பீங்கான் உடம்பு படத்தை மூடிவிடும். விளக்குகள் எரியும், எல்லோரும் கைதட்டுவார்கள். வேலை செய்கிற இயந்திரத்தின் பிராசசரை யாரும் பிடுங்கிப் பார்க்கப்போவதில்லை. மற்ற மூன்று பேருக்கும் ராத்திரி ஒரு செய்தி அனுப்பினால் தீர்ந்தது. பட்டியலில்தான் பதினேழாவது வரி இருக்கிறதே. யாருக்கும் ஒரு நஷ்டமும் இல்லை.

பின்னாலிருந்து அண்ணன் குரல் வந்தது.

"விடுங்க தையல்காரரே" என்றான், ஆறுதல் சொல்கிற குரலில். "நானும் அன்னிக்கு இடதுன்னு அடிச்சு சொன்னேன். சத்தியமே பண்ணியிருப்பேன். கண்ணு நல்லா இருந்தாலும் புத்தி வேற ஒண்ணைப் பாத்துடும். நமக்கே தெரியாது. கேக்கறதுக்குள்ள தப்பு நடந்து போயிடும்."

தையல்காரர் அவனைத் திரும்பிப் பார்த்தார். பிறகு தன் விரல்களைப் பார்த்துக்கொண்டார். "அப்படியும் இருக்குமோ?" என்றார் மெதுவாக. "போன வாரம் ஒரு கோட்டுக்குக் கைநீளம் கொஞ்சம் கூடித்தான் போச்சு…"

கண்ணாடிக்காரியால் அதைத் தாங்க முடியவில்லை. கொஞ்ச நேரத்துக்கு முன் வலது இடது தெரியாதவனா நான் என்று நெஞ்சை நிமிர்த்தி நின்ற மனிதர், அவள் கண்ணெதிரே சுருங்கிக்கொண்டிருந்தார். போன மாதம் அண்ணனும் இப்படித்தான் சுருங்கியிருப்பான். அவள்தான் அந்தப் பக்கம் பார்க்கவில்லை.

"அச்சுல இடப்பக்கம்தான் இருக்கு" என்றாள்.

யாருக்கும் புரியவில்லை. அவள் பூதக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுத் திரும்பி நின்றாள்.

"தையல்காரர் மேல தப்பில்லை. அச்சுப்படிதான் வெச்சிருக்காரு. நான்தான் படத்தைத் தப்பா போட்டேன். ஆறு பலகையிலயும் தப்பு." விடாமல் சொன்னாள். "அண்ணனும் அன்னிக்கு சரியாத்தான் வெச்சான். அவன் சிப்பை எரிச்சது நான்."

ஒலிபெருக்கி வாயைத் திறந்து, ஒரு சத்தமும் இல்லாமல் மூடிக்கொண்டார். இத்தனை வருஷத்தில் இது முதல் தடவை.

அண்ணன் எழுந்து நடுவழியாக வந்தான். அவள் பூதக்கண்ணாடியைக் கழற்றி நீட்டினாள். வாங்கிக்கொள்ளவில்லை. மேசையில் இரண்டு கையையும் ஊன்றி, வெறுங்கண்ணால் பார்த்தான். வெகுநேரம் பார்த்தான்.

"இடது" என்றான்.

"ஆமாண்ணா."

"அன்னிக்கு உன்கிட்ட ஒண்ணே ஒண்ணுதான் கேட்டேன். சிப்பைத் தூக்கிட்டு ஒரு தடவை பாருன்னு."

"பாக்கலைண்ணா."

"ஏன்?"

மறந்துவிட்டேன் என்று சொல்லலாம், அவசரம் என்று சொல்லலாம். இரண்டும் பொய். "நான் தப்புப் பண்ணியிருப்பேன்னு எனக்குத் தோணவே இல்லை. நீ பண்ணியிருப்பேன்னு உடனே தோணிடுச்சு" என்றாள்.

தையல்காரர் இருவருக்கும் நடுவில் வந்தார். உள்ளங்கையை நீட்டிச் சிப்பை வாங்கிக்கொண்டார். பள்ளத்தை வலப்பக்கம் வைத்து, நாற்பது கால்களும் துளைகளில் நிற்கின்றனவா என்று ஒவ்வொன்றாகப் பார்த்து அழுத்தினார். "வாசிங்கமா. பதினேழு" என்றார். அவள் வாசித்தாள். மீதி வரிகளை முடித்து, வயரைச் செருகி, சுவிட்சைப் போட்டார். ஒன்று, இரண்டு, மூன்று, நாலு. நாலாவது வினாடியில் அறையில் ஒருவரும் மூச்சு விடவில்லை. ஐந்து, ஆறு. சிவப்பு விளக்குகள் எரிந்துகொண்டே இருந்தன. தையல்காரர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். இரண்டு பேர் கைதட்டத் தொடங்கி, அண்ணன் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார்கள்.

அண்ணன் கதவுப் பக்கம் போனான். அவள் பின்னாலேயே ஓடினாள்.

"அந்தக் கடிதத்தைக் கிழிச்சுப் போட்டுடுண்ணா. நாளைக்குக் குடுக்காதே."

"வெள்ளிக்கிழமையே குடுத்துட்டேன்."

"திரும்ப வாங்கிக்கோண்ணா."

"கை பதறுதுன்னு நானே எழுதிக் குடுத்திருக்கேன். கவனம் போயிடுச்சுன்னு என் கையெழுத்துலயே இருக்கு. இனிமே நான் போய் நல்லாத்தான் இருக்கேன்னு சொன்னா எவன் கேப்பான்? லிஃப்ட்டுல ஆள் ஏறுதே" என்றான். குரலில் கோபம் இல்லை, அதுதான் அவளைக் கொன்றது. "நாளைக்குக் காலைல எட்டு மணிக்கு மேலாளர் முடிவு பண்றாரு. நீ வா. இவங்க முன்னால சொன்னியே, அதை அங்கேயும் சொல்லு."

"சொல்றேண்ணா. எட்டு மணிக்கு முன்னாடியே வந்து நிக்கறேன்."

"சும்மா வந்து நிக்காதே. பலகையையும் கொண்டு வா." அவன் முதல் படியில் இறங்கிவிட்டுத் திரும்பினான். "நீ சொன்னா அப்படியே நம்பிடறதுக்கு அவரு ஒண்ணும் உன் அண்ணன் இல்லை."

காலடிச் சத்தம் மூன்று மாடியும் இறங்கித் தேயும்வரை அவள் அங்கேயே நின்றாள். பிறகு உள்ளே வந்து, மூலை மேசையில் சிமிட்டிக்கொண்டிருந்த தன் இயந்திரத்தை அணைத்தாள். பிராசசரைத் தூக்கினாள், அடியில் இருந்த அச்சைப் பார்த்தாள். பலகையைக் கழற்ற ஒரு ஸ்குரூ டிரைவர் வேண்டும் என்று யாரிடமோ கேட்டாள்.