அற்பச் சம்பளம்

கணபதி கிராமத்திலேயே முதல் பி.ஏ. சென்னியம்மாள்தான். அப்பன் ஒரு வள்ளம் புன்செய் நிலத்தை விற்று வாங்கிக்கொடுத்த அந்த இரண்டெழுத்து, யாராவது மனு எழுதித்தரச் சொல்லி வரும்போதுதான் வெளியே வரும்.

அந்த ஞாயிற்றுக்கிழமை வந்தவள் மாரியாத்தாள். டவுன் பிரசவ ஆஸ்பத்திரியில் மருத்துவச்சி. சம்பளம் உயர்த்தக் கேட்டு இங்கிலீஷில் மனு வேண்டுமாம்.

"கோர்ட்டு முன்னால ஒண்ணேகால் ரூவா கேக்கறானுங்க. நீங்கன்னாச் சும்மா எழுதிக் குடுப்பீங்கன்னாங்க."

'சும்மா' சுருக்கென்றது. ஆனால் பட்டதாரி வாய்விட்டுக் காசு கேட்கலாமா? கோபத்தைப் பேனாவில் இறக்கி, ஆஸ்பத்திரிக் கமிட்டியை ஒரு பக்கம் வைதாள். 'இந்த அற்பச் சம்பளத்தில் மானமுள்ள பெண் வாழ முடியாது' என்று முடித்து, அதைத் தமிழிலும் சொல்லிக் காட்டினாள். தொகைக்கு மட்டும் இடம் விட்டிருந்தாள்.

"எத்தனைங்க வாங்கறீங்க?"

"முப்பத்தெட்டுங்க. ஜட்கா வாடகை தனி."

பேனா நின்றுவிட்டது.

"பள்ளிக்கூடத்துல உங்களுக்கு எத்தனைங்க அம்மணி?"

"நாப்பத்தஞ்சு."

"அது ரெஜிஸ்டர்ல கையெழுத்துப் போடறதுங்க. கைக்கு வாரதைக் கேட்டேன். உங்க மேனேஜர் ஊட்டுல ரெண்டு பேறுகாலம் நாந்தான் பார்த்தேன். எனக்குத் தெரியாதுங்களா?"

"முப்பது."

"மூணு வருசமாவா? ஒருக்காக்கூடக் கேக்கலீங்களா?"

கேட்கவில்லை. வகுப்பில் பெண்ணுரிமை என்று மேசையைத் தட்டும் கை, சம்பளத் தேதியில் மேனேஜர் காட்டிய இடத்தில் சமர்த்தாகக் கையெழுத்துப் போட்டுவிடும். ஊருக்கெல்லாம் மனு எழுதியவள் தனக்கு ஒன்று எழுதியதில்லை.

"வேலைக்கு வரமாட்டேன்னு மொரண்டு பண்ணுங்க அம்மணி."

"நீங்க வராட்டி ஊடே அலறும். நான் வராட்டிப் புள்ளைங்க கைதட்டுங்க."

மாரியாத்தாள் விழுந்து விழுந்து சிரித்தாள். சென்னியம்மாளுக்கு ஆத்திரம் பொங்கியது. யார்மேல் என்றுதான் தெரியவில்லை, எதிரே கண்ணாடிகூட இல்லை. வேறு தாளை இழுத்து, மேனேஜருக்குத் தன் பெயரிலேயே எழுதத் தொடங்கினாள். சம்பளம் என்ற இடம் வந்ததும் திணறினாள்.

"என்னங்க ரோசனை?"

"உங்க முப்பத்தெட்டுக்கே அற்பம்னு எழுதிப்போட்டேன். என் முப்பதுக்கு வார்த்தையே இல்லீங்க."

"அட, அந்த அற்பத்தை நீங்க எடுத்துக்குங்க கண்ணு. எனக்குச் சுமாரான சம்பளம்னு போட்டாப் போதும்."

திருத்திக் கொடுத்தாள். மாரியாத்தாள் மனுவை மடித்து எழுந்ததும், சென்னியம்மாள் கையை நீட்டினாள்.

"ஒண்ணேகால் ரூவாங்க."

"அடியாத்தா! என்கிட்டயேவா?"

"நாளைக்கு மேனேஜர்கிட்டக் கேக்கோணும். இன்னைக்குக் கேட்டுப் பழகறேனுங்க."