ஒன்பதாவது குரல்

1

இந்தக் கதை அரைப் பக்கக் குறிப்பாகத்தான் இருந்திருக்க வேண்டும். அதைக் கேட்டவர் நத்தை. பழைய கணினி விளையாட்டுகளின் இசையை, கணினிக்குள் சத்தம் எழுப்பும் அந்தக் காலத்து சவுண்ட் கார்டிலேயே ஓட்டிப் பதிவுசெய்து பாதுகாக்கும் கூட்டம் ஒன்று இருக்கிறது. நத்தை அதன் தொகுப்பாளர். எதையும் ஆற அமரச் சரிபார்க்காமல் வெளியிட மாட்டார் என்பதால் அந்தப் பெயர். அவருக்கும் அது பிடித்துப்போய்விட்டது.

"உங்க வீட்டம்மா பதிவு பிடிச்ச பாட்டெல்லாம் தொகுப்பா வருது பாஸ். முன்னாடி ஒரு அரைப் பக்கம் எழுதிக் குடுங்க. யாரு, என்ன மெஷினு, எப்படிப் பிடிச்சாங்க. அவ்ளோதான்."

என் வேலை துணி துவைக்கும் இயந்திரங்களுக்குக் கையேடு எழுதுவது. அரைப் பக்கம் ஒரு பொருட்டே இல்லை. உட்கார்ந்தேன்.

முதல் தொடக்கம்: 'இத்தொகுப்பிலுள்ள பாடல்கள் யாவும் மூலக் கருவியில்' (நிறுத்திவிட்டேன். கையேடு.)

இரண்டாவது: 'அவளுடைய செவிகள் கடலைப் போல' (நிறுத்திவிட்டேன். கடலுக்கு ஏது செவி.)

மூன்றாவது: 'என் மனைவி இறந்துவிட்டாள்.' (இது முழு வாக்கியம். உண்மையும்கூட. ஆனால் இதில் தொடங்கினால் அடுத்து எதைச் சொன்னாலும் நீங்கள் தலையைச் சாய்த்து 'த்சொ' போட்டுக்கொண்டே படிப்பீர்கள். அதனால் இதை இங்கேயே சொல்லி முடித்துவிடுகிறேன். எப்படி, எங்கே என்பதெல்லாம் இந்தக் கதைக்குள் வராது.)

நான்காவது தொடக்கத்தை நீங்கள் படித்து முடித்துவிட்டீர்கள்.

2

அவள் செவித்திறன் பரிசோதகர். சின்னக் கண்ணாடி அறைக்குள் ஆட்களை உட்காரவைத்து, சத்தம் கேட்டால் கையைத் தூக்கச் சொல்வாள். வீட்டுக்கு வந்தால் எங்கள் முன்னறை மூலையில் மஞ்சளேறிய கணினிப் பெட்டி, முதுகு பருத்த மானிட்டர். பெட்டிக்குள் அந்த சவுண்ட் கார்டு. கார்டின் பின்பக்கம் சத்தத்தைக் கூட்டிக் குறைக்க விரல்நுனி அளவு சக்கரம். அதில் நகப்பூச்சால் ஒரு கோடு இழுத்திருந்தாள். எல்லாப் பாடல்களும் அந்தக் கோட்டில்தான் பதிவாயின. நான் தூசி தட்டும்போது அது ஒரு மயிரிழை நகர்ந்தால்கூட, பதிவைக் கேட்டே கண்டுபிடிப்பாள்.

"சக்கரத்துல கை வெச்சியா?"

"இல்லையே."

"அப்ப பேய் வெச்சிருக்கு. பேயைத் துணியை மடிக்கச் சொல்லு."

பாட்டுக்கு முன்னால் கொஞ்ச நேரம் வெறுமையையும் பதிவுசெய்வாள். பாட்டு ஓடாதபோதும் கார்டு மெலிதாகச் சீறிக்கொண்டிருக்கும்; கணினியின் டிஸ்க் சுழல்வதும் அதில் லேசாகக் கலக்கும். மற்றவர்கள் அதை வெட்டி எறிவார்கள். இவள் வைத்துக்கொள்வாள். "ஒவ்வொரு கார்டும் ஒவ்வொரு மாதிரி சும்மா இருக்கும்" என்பாள்.

இந்த வாக்கியத்தை அவள்தான் சொன்னாள். என் கைச்சரக்கு இல்லை. இந்தக் கதையில் நன்றாக இருக்கும் வாக்கியங்கள் எல்லாவற்றையும் அவள் கணக்கில் எழுதிக்கொள்ளுங்கள்.

3

விளையாட்டைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஒரு குட்டைக் கொல்லன். கையில் சுத்தியல். பாதியில் நிற்கும் பாலத்தைக் கட்டி முடித்து அக்கரை சேர வேண்டும். அவளும் அவள் அக்காவும் சின்ன வயதில் ஒரே கீபோர்டில் இரண்டு பேராக ஆடியது. அம்புக்குறிகள் அவளுக்கு; குதிக்கும் பொத்தான் அக்காவுக்கு.

அதன் பாடல்களையெல்லாம் பிடித்துவிட்டாள், ஒன்றைத் தவிர. ஜெயித்தால் மட்டும் வரும் கடைசிப் பாட்டு. சின்ன வயதில் ஒரே ஒரு முறை அதைக் கேட்டிருக்கிறாள். இணையத்தில் அது கிடைக்கிறது. ஆனால் அங்கே இருப்பதெல்லாம் விளையாட்டின் கோப்புக்குள்ளிருந்து பாட்டை மட்டும் உருவி, நேராகக் கார்டில் ஓட்டிப் பிடித்தவை. ஒருநாள் அதைக் கேட்டுவிட்டு ஹெட்போனைக் கழற்றினாள்.

"ஒரு குரல் குறையுது."

அந்தக் கார்டின் சிப்பில் ஒன்பது குரல்கள்.* அதாவது, ஒரே நேரத்தில் ஒன்பது வாத்தியங்கள் வாசிக்கலாம். இந்தப் பாட்டில் எட்டுதான் கேட்கிறது, மெட்டுக்கு மேலே ஒன்று போகும், அதைக் காணோம் என்றாள்.

நத்தையிடம் போனில் சொன்னாள். ஸ்பீக்கரில் போட்டிருந்ததால் எனக்கும் கேட்டது.

"சின்ன வயசு ஞாபகம் மேடம். அதுவா சேத்துக்கும்."

"எனக்கா? நான் ஊரார் காதைப் பாத்து சம்பளம் வாங்குறவ."

"அதனாலதான் இவ்ளோ மரியாதையா சொல்றேன்."

"உருவிப் பிடிச்சா வராது. ஆடி ஜெயிச்சுப் பிடிச்சா வரும். பந்தயமா?"

ஏன் அப்படி என்று அவளுக்கே தெரியாது. காது சொன்னது, அவ்வளவுதான். ஆடிப் பார்த்தாள். சின்ன வயதில் இருந்த விரல் வேகம் இப்போது இல்லை. கடைசிக் கட்டங்களில் கொல்லன் ஆற்றில் விழுந்துகொண்டே இருந்தான்.

(இங்கே ஒரு பத்தி இருந்தது. எடுத்துவிட்டேன்.)

* தொழிலில் இதற்குக் 'குரல்' என்றுதான் பெயர். வேறு எந்தக் குரலையும் இதற்குள் தேட வேண்டாம். கம்பி வழியாகப் பிடித்த பதிவுகள் இவை, மைக் இல்லை. அவள் பேசியது எதிலும் இல்லை. தேடிவிட்டேன்.

4

நத்தை மறுபடி அழைத்தார். கடைசிப் பாட்டு இல்லாமல் தொகுப்பு மூளியாக இருக்கிறதாம்.

"நான் வரேன். அவங்க கார்டுலயே, அந்தக் கோட்டுலயே வெச்சு ஓட்டிப் பிடிச்சிடலாம்."

"உருவியா?"

"உருவித்தான். கீழ ஒரு குறிப்பு போட்டுடலாம். இன்னொரு குரல் இருந்ததா அவங்க நம்பினாங்க, ஆனா ஆதாரம் கிடைக்கலன்னு."

"நம்பினாங்கன்னா?"

"நாசூக்காத்தான் போடுவேன் பாஸ்."

அவளுடைய தொகுப்பில், அவளுடைய பெயருக்குக் கீழே, அவள் காது ஏமாந்தது என்று நாசூக்காக ஒரு வரி. நான் வேண்டாம் என்றேன். "ஆடி ஜெயிச்சுப் பிடிக்கலாம்" என்றேன். கணினி விளையாட்டில் நான் சீட்டாட்டத்தைத் தாண்டியதில்லை.

இந்த இடத்தில் நத்தை வில்லனாகத் தெரிகிறார். அது நியாயமில்லை. அவர் தொழிலே சந்தேகப்படுவதுதான். அவள் அதற்காகவே அவரை மதித்தாள். வரைவைப் படித்துவிட்டு அவரே சொன்னார்:

"என்னைக் கொஞ்சம் நல்லவனா எழுதுங்க பாஸ். என் பொண்டாட்டி படிப்பா."

சொன்ன கையோடு நாக்கைக் கடித்துக்கொண்டார். பரவாயில்லை என்றேன். பரவாயில்லைதான்.

5

அவளுடைய அக்காவுக்குப் போன் செய்தேன். கணக்கு டீச்சர். (முதல் வரைவில் அவரைச் சாந்தமானவராக எழுதியிருந்தேன். பாத்திரம் கையில் நிற்கவில்லை. அவர் திட்டுகிறவர்தான்.) ஞாயிற்றுக்கிழமை காலையில் வந்தார். நத்தையும் பதிவுக் கருவியோடு வந்து தரையில் உட்கார்ந்தார். நான் அம்புக்குறிப் பக்கம், அக்கா குதிக்கும் பக்கம்.

"தம்பி, அது கீபோர்டு. பூனைக்குட்டி இல்ல. தடவாதீங்க, அமுக்குங்க."

"அமுக்கித்தான்கா இருக்கேன்."

"எங்க? அவன் அங்கயே நிக்கிறான், பஸ்ஸுக்கு நிக்கிற மாதிரி. ஓடச் சொல்லுங்க!"

கொல்லன் ஆற்றில் விழுந்தான்.

"ரெக்கார்டிங் ஓடுது, கொஞ்சம் மெதுவா பேசுங்க" என்றார் நத்தை.

"கம்பி வழியாத்தான போகுது? நான் பேசுறது அதுல விழுமா?"

"விழாது."

"அப்புறம் என்ன?"

"ஒரு பழக்கம்தான்."

"நல்ல பழக்கம். என் கிளாசுக்கு வாங்க, பசங்களுக்குச் சொல்லிக் குடுங்க."

அன்று தோற்றோம். அடுத்த ஞாயிறும் தோற்றோம். அக்கா உணவு கட்டிக்கொண்டு வர ஆரம்பித்தார். நத்தை, குறுக்குவழிக் குறியீடு ஒன்று போட்டால் நேராகக் கடைசிக் கட்டத்துக்குப் போகலாம் என்றார். போட்டுப் பார்த்தோம். ஜெயித்தோம். எட்டுக் குரல்தான் வந்தது. நத்தை பதிவை நிறுத்திவிட்டுக் கம்பியைச் சுருட்ட ஆரம்பித்தார்.

"ஏமாத்தி ஜெயிச்சா எப்படி வரும்? முதல்லேர்ந்து" என்றார் அக்கா.

நான் அவள் இடத்தில் உட்கார்ந்திருந்தேன். (இந்த வாக்கியத்தை வெட்டிவிடவா என்று அக்காவைக் கேட்டேன். "அந்தப் பக்கம்தான உக்காந்தீங்க? இருக்கட்டும்" என்றார்.) என் விரல்கள் மெல்லப் பழகின. கடைசிக் கட்டத்துக்கு முன்னால் வழி இரண்டாகப் பிரியும்: சுரங்கம் ஒன்று, ஏரி ஒன்று. சுரங்கத்தில் நுழைந்தோம். அக்கா பேச்சை நிறுத்திவிட்டார். அவர் குதிக்கவைக்க, நான் ஓட்ட, கொல்லன் கடைசிப் பலகையை அறைந்து பாலத்தை முடித்தான். திரை இருண்டது. ஒரு கணம் கார்டின் சீறல் மட்டும். பிறகு பாட்டு.

மெட்டுக்கு மேலே, இரும்பில் இரும்பு தட்டுவதுபோல், ஒன்று போனது.

எனக்கு இசை தெரியாது. எனக்கே கேட்டது. அக்கா என் முழங்கையைப் பிடித்துக்கொண்டிருந்தார். நத்தை ஹெட்போனைக் கழற்றினார், அதையே பார்த்தார், மறுபடி மாட்டினார்.

"இருக்கு" என்றார்.

"என்ன இருக்கு? முழுசா சொல்லுங்க" என்றார் அக்கா.

"ஒம்போது குரலும் இருக்கு. அவங்க சொன்னது சரி. நான் சொன்னது தப்பு."

"இதையே குறிப்புல போடுங்க" என்றேன். "நாசூக்கா வேண்டாம்."

பெருமையாக இருந்தது. பல மாதங்களாக எனக்கு எதுவும் எப்படியும் இருந்ததில்லை. இது இருந்தது. நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு தெருவில் நாலு பேரிடம் போய், 'என் பொண்டாட்டி காது' என்று சொல்ல வேண்டும்போல் இருந்தது. போகவில்லை. உங்களிடம் சொல்லிவிட்டேன்.

6

கதை இங்கே முடிந்திருந்தால் நல்ல கதை. நத்தை விடுவாரா? இன்னொரு முறை ஆடி உறுதி செய்ய வேண்டும் என்றார். இந்த முறை அக்கா ஏரி வழியாகப் போகலாம் என்றார். ஜெயித்தோம். ஒன்பதாவது குரல் வந்தது. ஆனால் இரும்பு இல்லை. தண்ணீருக்கடியில் ஊதும் புல்லாங்குழல் மாதிரி, வேறு ஒன்று.



நத்தை பாட்டின் கோப்பைப் பிரித்துக் காரணம் கண்டுபிடித்தார். ஒவ்வொரு குரலுக்கும், வாசிக்கும் முன், 'நீ இந்த வாத்தியம்' என்று சிப்புக்கு ஒரு வரி சொல்ல வேண்டும். கடைசிப் பாட்டில் எட்டுக் குரலுக்குச் சொல்லியிருக்கிறது. ஒன்பதாவதற்குச் சொல்ல விட்டுப்போயிருக்கிறது. ஸ்வரம் இருக்கிறது, வாத்தியம் இல்லை. அதனால் (கடைசிக் கட்டத்துக்குத் தனிப் பாட்டு கிடையாது) அதற்கு முந்தைய கட்டத்தின் பாட்டு எந்த வாத்தியத்தை அந்த இடத்தில் விட்டுவிட்டுப் போனதோ, அதிலேயே அது வாசிக்கும். சுரங்கம் வழியாக வந்தால் சுரங்கத்து இரும்பு. ஏரி வழியாக வந்தால் ஏரியின் குழல். குறுக்குவழியில் வந்தாலோ, பாட்டை மட்டும் உருவி ஓட்டினாலோ முன்னால் எதுவும் இல்லை, அதனால் ஊமை.

இசையமைத்தவரைத் தேடிப் பிடித்தோம். இப்போது டைல்ஸ் கடை வைத்திருக்கிறார். போனில் விஷயத்தைக் கேட்டதும் சிரித்தார்.

"ஐயோ, அந்த வரி விட்டுப்போச்சா? இத்தனை வருஷமா யாரும் சொல்லலையே!"

"நீங்க கேட்டுப் பாக்கலையா சார்?" என்றேன்.

"நான் எங்க ஜெயிச்சேன்? மூணாவது கட்டத்தையே தாண்டினதில்ல. பாட்டு போட்டுக் குடுத்ததோட சரி." பின்னால் யாரோ பாத்ரூம் டைல்ஸில் வழுக்காத ரகம் கேட்டார்கள். "நான் நெனச்சது மணிச் சத்தம் தம்பி. அந்த வரியைச் சேத்துடுங்க. சரியாயிடும்."

அப்படிச் சேர்த்தால் அது யாருமே கேட்டிராத பாட்டு. அவளும்கூட.

7

தொகுப்பின் விதி: ஒரு பாட்டுக்கு ஒரு பதிவு. ஆகவே இந்தக் கதைக்கும் ஒரு முடிவுதான் அனுமதி. என்னிடம் மூன்று இருக்கின்றன.

முடிவு ஒன்று: சுரங்கம். முதலில் பிடித்தது, அதனால் அதுவே என்று (ஏன் அதுவே? நாங்கள் அந்தப் பக்கம் திரும்பினோம் என்பதைத் தவிர வேறு காரணம் இல்லை.)

முடிவு இரண்டு: ஏரி. குழல் அவளுக்குப் பிடித்திருக்கும் (அவளுக்கு எது பிடிக்கும் என்று நான் இப்போது முடிவு செய்ய ஆரம்பித்தால், நிறுத்த மாட்டேன்.)

முடிவு மூன்று: மணி. இசையமைத்தவரின் சொல்லே கடைசிச் சொல் என்று நத்தை கொஞ்சம் சாய்ந்தார். அக்கா அவரை ஒரு பார்வை பார்த்தார். நிமிர்ந்துவிட்டார்.

அவள் எந்த வழியாகப் போய்க் கேட்டாள் என்று தெரிந்தால் தீர்ந்தது. அக்காவிடம் கேட்டேன்.

"நாங்க சேந்து ஜெயிச்சதே இல்ல தம்பி. எனக்குக் காய்ச்சல். படுத்திருந்தேன். அவ தனியா ரெண்டு கையாலயும் ஆடி ஜெயிச்சா. ஓடி வந்து, அக்கா, ஜெயிச்சா ஒரு பாட்டு வருதுன்னா."

"எந்த வழின்னு சொன்னாளா?"

"நான் கேக்கல. நான் இல்லாம ஜெயிச்சுட்டாளேன்னு வயித்தெரிச்சல். சுவத்துப் பக்கம் திரும்பிப் படுத்துட்டேன்." குதிக்கும் பொத்தானைச் சும்மா ஒருதரம் அமுக்கினார். "அப்பவும் விடல. என் முதுகுக்கிட்ட உக்காந்து பாடிக் காட்டினா. நல்லாருந்துச்சு. அது மட்டும் ஞாபகம் இருக்கு."

ஆக, தெரியாது. தெரியவும் போவதில்லை.

நத்தையிடம் இரண்டு சொன்னேன். ஒன்று, சுரங்கம், ஏரி இரண்டு பதிவுகளையும் போட வேண்டும். அவள் தொகுப்பில் விதி ஒரு தடவை வளையட்டும். தலையைச் சொறிந்துவிட்டு ஒப்புக்கொண்டார். இரண்டாவது, பெயர்கள் வரும் இடம். 'இசை' என்று ஒரு வரி, 'பதிவு' என்று ஒரு வரி, எல்லாத் தொகுப்பிலும் அவ்வளவுதான். இசைக்கு நேரே டைல்ஸ் கடைக்காரர். கடைசிப் பாட்டின் பதிவுக்கு நேரே நத்தை, அக்கா, நான். இன்னொரு வரி வேண்டும் என்றேன்.

"என்னன்னு?"

"கேட்டவர்."

"அப்படி ஒண்ணு எந்தத் தொகுப்புலயும் இல்லையே பாஸ்."

"தெரியும்."

அந்த வரிக்கு நேரே ஒரே ஒரு பெயர் இருக்கிறது.

மற்றபடி, முடிவை உங்களிடம் விடுகிறேன். இரண்டையும் கேளுங்கள். சுரங்கம் என்று சொன்னாலும் சரி, ஏரி என்று சொன்னாலும் சரி, நான் மறுக்க மாட்டேன். எட்டு என்று மட்டும் சொல்லாதீர்கள்.