லேடி அகஸ்ராவில் ஓர் உபயம்

இதில் ஒரு சொல் பொய்யென்றாலும் என் இரண்டு கண்ணும் அவிந்து போகட்டும். போன வருடம்தான் கற்றாக் என்கிற கண்புரையை எடுத்துப் புதிதாக்கிய கண்கள். அவற்றை நான் லேசில் பணயம் வைக்கமாட்டேன். வேதப்புத்தகத்தில் கை வைத்தாயிற்று. அது போதாது என்பவர்களுக்காக சண்முகராசா வீட்டு முருகன் படத்துக்கு முன்னால் கற்பூரமும் கொளுத்தி, சத்தியம் பண்ணி அடித்து அணைத்தேன். புகைக்கு வீட்டு அலாரம் அலறியது. அதையும் சாட்சியாக வைத்துக்கொள்ளுங்கள்.

சண்முகராசா என் சிநேகிதன். கிழக்கு லண்டனில் பார்க்கிங் என்ற ஊரில் இருக்கிறான், நான் பக்கத்துப் பிளேஸ்டோவில். உபயம் செய்வதில் அவனுக்கு ஒரு தீராத ஆசை. அவன் போகும் கோயிலில் எந்த ரியூப் லைற்றை அண்ணாந்து பார்த்தாலும் 'உபயம்: சண்முகராசா குடும்பம்' என்று கறுப்பு மையில் தடித்த எழுத்தில் இருக்கும். எழுத்து பெரிது என்பதால் வெளிச்சம் கொஞ்சம் மட்டு.

இவனிடம்தான் பழைய கப்பலுக்குக் காசு சேர்க்கும் கப்பல் சங்கத்துப் பெண்மணி ஒருத்தி அகப்பட்டாள். லேடி அகஸ்ரா என்பது அந்தக் காலத்தில் கோடை விடுமுறைக்கு லண்டன் சனத்தை மார்கேட் கடற்கரைக்கு ஏற்றிப்போன நீராவிக் கப்பல். இரண்டு விலாவிலும் தண்ணீரை அடித்துத் தள்ளும் பெரிய சில்லுகள். அதைத் திருத்துகிறோம், மேல்தட்டில் உட்கார நீள வாங்குகள் வேண்டும், காசு தந்தால் வாங்கில் பித்தளைத் தகட்டில் பெயர் போடுவோம் என்றாள். பெயர் என்றதும் சண்முகராசா தன் பெயரையும் பிறந்த வருடத்தையும் கொடுத்தான். "இந்த வருடமா?" என்று அவள் மெல்லக் கேட்டாள். ஓம் என்றான். அவள் அவன் கையைப் பிடித்து, மிகவும் வருந்துகிறேன் என்றாள். இந்த நாட்டில் எதற்கும் சொறி சொல்வார்கள்தானே என்று அவன் அதைப் பெரிதாக எடுக்கவில்லை.

ஆவணியில் கப்பல் ஓடியது. சண்முகராசாவும் மனைவி கமலேஸ்வரியும் நானும் டவர் பாலத்தடியில் ஏறினோம். தூறலுக்குப் பயந்து மற்றச் சனமெல்லாம் கீழ்த்தட்டில் பியர் விற்கும் இடத்தில் அடைந்துகொண்டது. கமலேஸ்வரி தேத்தண்ணி வாங்கக் கீழேயே நின்றுவிட்டா. நாங்கள் இரண்டு பேரும் மேலே போய் அவனுடைய வாங்கைத் தேடிப் பிடித்தோம்.

சண்முகராசா கண்ணாடியைத் துடைத்துவிட்டுத் தகட்டை வாசித்தான்.

"என்னடா பெனடிக்ற், பிறந்த வருசத்துக்குப் பக்கத்தில இந்த வருசத்தையும் போட்டிருக்கு?"

"வாங்கு செய்த வருசமாக்கும்."

"'அன்பு நினைவாக' எண்டும் கிடக்கு."

"உன்னை மறக்கமாட்டினமாம்."

"'இந்தக் கடலை மிகவும் நேசித்தவர்' எண்டு?"

சண்முகராசா ஐந்து நிமிடத்தில் ஆற்றைக் கடக்கும் வூலிச் ஃபெரியிலேயே சத்தி எடுத்தவன்.

பக்கத்து வாங்குத் தகட்டைப் பார்த்தேன். 'மேபலுக்கு. எப்போதும் இடது ஓரத்திலேயே இருப்பாள்.' அடுத்தது, 'எங்கள் அப்பாவுக்கு. சுருட்டும் கடற்காற்றும் போதும் அவருக்கு.' எல்லாத் தகட்டிலும் இரண்டு வருடங்கள் இருந்தன. எல்லாரும் போய்ச் சேர்ந்தவர்கள். இங்கே வாங்கில் பெயர் வெட்டுவது செத்தவருக்கு என்பது எங்கள் இரண்டு பேருக்கும் அப்போதுதான் உறைத்தது. உயிரோடு இருக்கும்போதே அதில் பெயர் போட்டுக்கொண்ட முதல் ஆள் சண்முகராசாவாகத்தான் இருக்க வேண்டும்.

ரில்பரித் துறைமுகம் தாண்டியதும் தேம்ஸ் ஆறு அகன்றது. தூறல் விட்டு வெயில் எறித்தது. எங்கிருந்தோ சுருட்டு மணத்தது.

நான் திரும்பினேன். வாங்குகள் நிரம்பியிருந்தன.

வைக்கோல் தொப்பி, நீண்ட வெள்ளைப் பாவாடை, மண் அள்ளத் தகர வாளியோடு பிள்ளைகள். எல்லாரும் விடுமுறைக்குப் போகிற சந்தோசத்தில் இருந்தார்கள். காற்று என் தொப்பியைப் பறித்துக் கடலில் எறிந்தது. அவர்களுடைய தொப்பி நாடாக்கள் அசையவேயில்லை. மேபலின் வாங்கில் இடது ஓரத்தில் ஒரு கிழவி இருந்து எங்களைப் பார்த்துச் சிரித்தாள்.

சண்முகராசாவின் கையைப் பிடித்தேன். அவன் ஏற்கெனவே என் மற்றக் கையைப் பிடித்திருந்தான்.

மேல்தட்டில் காலியாக இருந்தது ஒரே ஒரு வாங்கு.

வெள்ளைச் சட்டையில் பித்தளைப் பொத்தான் வைத்த பரிசாரகர் ஒருவர் வந்து குனிந்து வணங்கினார். அவர் பேசியது ஆங்கிலம். தமிழில் பேசினார் என்று எழுதலாம்தான், ஆனால் நான் பொய் சொல்கிறவன் இல்லை.

"உங்கள் இருக்கை தயாராக உள்ளது, ஐயா."

"இவன் அதில இருந்தால் என்ன நடக்கும்?" என்று நான் கேட்டேன்.

"மார்கேட்டில் இறங்கி விடுமுறையைக் கழிப்பார். என்றைக்கும் கோடைகாலம். அருமையான வெயில்."

"திரும்பி வாறது?"

"இந்த வாங்குகளுக்குத் திரும்பும் டிக்கெட் இல்லை, ஐயா." சொறி சொல்லிவிட்டுச் சற்றுத் தள்ளி நின்றார்.

"சண்முகராசா, எக்காரணம் கொண்டும் இருந்திடாத."

"முழங்கால் ரெண்டும் போட்டுதடா. என்னால நிக்க ஏலாது."

"சத்திரசிகிச்சைக்கு ஆசுப்பத்திரியில எவ்வளவு காலமா நிண்டு காத்திருக்கிறாய்? இங்கயும் நில்லு."

நின்றான். நான் முதுகால் முட்டுக் கொடுத்தேன். வயதுபோன மனிதர் நிற்பதைப் பார்த்து அந்தச் சனத்துக்கு மனம் பொறுக்கவில்லை. ஒருவர் தொப்பியைத் தூக்கி அவனுடைய வாங்கைக் காட்டினார். ஒரு சிறுமி வந்து அவன் விரலைப் பிடித்து இழுத்தாள். அவள் விரல் மீன்பெட்டி ஐஸ் மாதிரி இருந்தது என்று பிறகு சொன்னான். அத்தனை பேரும் அவனையே பார்த்தார்கள். அத்தனையும் அன்பான பார்வைகள். அன்பாகப் பார்த்தால் இவ்வளவு பயம் வருமென்று எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. சண்முகராசா கந்தசஷ்டிக் காலத்துக்கு ஒத்திப்போட்ட தேவாரங்களையெல்லாம் முணுமுணுக்கத் தொடங்கினான். எனக்குத் தெரிந்த மாதா மன்றாட்டை நானும் சேர்த்துக்கொண்டேன்.

அந்த நேரத்தில்தான் கமலேஸ்வரி சாப்பாட்டுப் பையோடு ஏறி வந்தா.

"இவ்வளவு பெரிய வாங்கு கிடக்க, ஏன் ரெண்டு பேரும் கொடிக்கம்பம் மாதிரி நிக்கிறியள்?"

"தங்கச்சி, இருக்காத!" என்று கத்தினேன்.

அதற்குள் வாங்கில் இருந்துவிட்டா. பையிலிருந்த பெட்டியைத் திறந்து புட்டும் மீன்பொரியலும் எடுத்து வைத்தா. அப்போதுதான் சுற்றி இருந்தவர்களைக் கண்டா. மீன்துண்டு கையிலேயே நின்றது.

கப்பல் ஊதியது. தூரத்தில் மார்கேட் தெரிந்தது. பரிசாரகர் முன்னால் வந்தார்.

"அம்மா அமர்ந்துவிட்டார். மிக்க நன்று. கப்பல் நின்றதும் அழைத்துச் செல்வோம்."

"எழும்பும், கமலம்! எழும்பும்!"

"ஏலாமக் கிடக்கப்பா. பலகை பிடிச்சு வைச்சிருக்கிற மாதிரி இருக்கு."

அவவின் முகம் சுண்ணாம்பாக வெளுத்தது. நான் ஒரு கையையும் அவன் ஒரு கையையும் பிடித்து இழுத்தோம். புட்டுத்தான் சிந்தியது. சில்லுகளின் சத்தம் மெதுவானது. சனம் வாளிகளையும் குடைகளையும் எடுத்துக்கொண்டு எழும்பியது.

சண்முகராசா என்னைப் பார்த்தான். இவ்வளவு நேரம் உயிரைப் பிடித்துக்கொண்டு நின்றவன், தட்டென்று மனைவிக்குப் பக்கத்தில் இருந்தான்.

"தகட்டில இருக்கிறது என்ர பேர். உபயகாரன் நான். அவவை விடுங்கோ."

பரிசாரகர் தகட்டைப் பார்த்தார். "நியாயம். ஒரு தகட்டுக்கு ஒருவர். அம்மா எழும்பலாம்."

"நான் எழும்பமாட்டன்," என்றா கமலேஸ்வரி.

"விசரே உமக்கு? எழும்பும் எண்டுறன்!"

"எழும்பிப் போய்? உங்கட தம்பிமாருக்கு நானோ பதில் சொல்லுறது? நீங்கள் எழும்புங்கோ."

"வாழ்க்கையில ஒரு நாளாவது நான் சொல்லுறதைக் கேளும்!"

"கேட்டுத்தானே இந்தக் கோதாரிக் கப்பலில ஏறினனான்! கோயிலில ஒரு லைற்றும் ஒழுங்கா வெளிச்சம் இல்லை, அது காணாதெண்டு வாங்கு! அதுவும் செத்த ஆக்களின்ர வாங்கு! உங்கட அம்மாவும் இப்பிடித்தான்..."

"அம்மாவை இழுக்காதையும்!"

கப்பல் மார்கேட் துறையைத் தொட்டபோது குரல்கள் புகைபோக்கி வரைக்கும் ஏறியிருந்தன. அப்போது நான் பார்த்ததைச் சொல்கிறேன். பரிசாரகருடைய காது சிவந்தது. இருமினார். பிறகு திரும்பி, கடலில் ஏதோ முக்கியமான விசயம் இருப்பதுபோல அதைப் பார்த்தார். சுருட்டுக்காரரும் திரும்பினார். மேபல் குடையை விரித்து முகத்தை மறைத்தாள். தாய்மார் பிள்ளைகளின் தலையைத் திருப்பிவிட்டார்கள். பிறத்தியார் வீட்டுச் சண்டையை நின்று பார்ப்பது மரியாதையில்லை என்ற பழக்கம் அவர்களைச் செத்த பிறகும் விடவில்லை.

ஒரு கண்ணும் அவர்கள் மேல் இல்லை. நான் இரண்டு பேரின் கையையும் பிடித்து இழுத்தேன். அந்தப் பார்வைகள்தான் பிடித்து வைத்திருந்ததாக்கும், வாங்கு விட்டுவிட்டது.

"சண்டையை நிப்பாட்டாதையுங்கோ! பேசிக்கொண்டே வாங்கோ!"

அவர்களுக்கு அதில் ஒரு சிரமமும் இருக்கவில்லை. மாமியாரில் தொடங்கி, பெண்பார்க்க வந்தபோது வடை பத்தவில்லை என்றது வரைக்கும் கத்திக்கொண்டே இறங்குபலகையைத் தாண்டினார்கள். என் பிடரியில் குளிர்காற்று ஒன்று கூடவே வந்து, தரையில் கால் வைத்ததும் நின்றது. அதற்குப் பிறகுதான் கமலேஸ்வரி அழுதா. சண்முகராசா வீதியென்றும் பாராமல் அவவைக் கட்டிப் பிடித்துக்கொண்டு நின்றான். நான் திரும்பிக் கடலைப் பார்த்தேன்.

ரயிலில்தான் வீடு வந்தோம். ஏறியதிலிருந்து பார்க்கிங் வரைக்கும் சண்முகராசா இருக்கையில் இருக்கவேயில்லை.

பிறகு கப்பல் சங்கத்திலிருந்து சண்முகராசா குடும்பத்துக்குக் கடிதம் வந்தது: முதல் ஓட்டம் தாமதமாகும், லேடி அகஸ்ராவுக்கு இன்னும் எஞ்சின் பூட்டவில்லை.