தெரியும், தெரிகிறது

கடையின் கண்ணாடி மேசைமீது அக்காள் மூன்று டைவ் கம்ப்யூட்டர்களை ஒரே கோட்டில் அடுக்கினாள். வார்களின் கொக்கிகள் எல்லாம் தன் பக்கமே பார்த்திருக்க வேண்டும் என்பது அவளுடைய சட்டம். கடலுக்குள் இறங்குகிறவர்கள் மணிக்கட்டில் கட்டிக்கொள்ளும் கருவி அது. எவ்வளவு ஆழத்தில் இருக்கிறோம், இன்னும் எத்தனை நிமிடம் இருக்கலாம், மேலே ஏறும்போது எங்கெங்கே நின்று ஏற வேண்டும் என்பதையெல்லாம் அது எண்ணாகக் காட்டும். அந்த எண்ணை மதியாமல் விறுவிறுவென்று ஏறி, அதன்பின் எழுந்து நடக்கவே முடியாமற்போன ஒருவரை அவளுக்குத் தெரியும். அவருக்குக் கருவி விற்றவள் அவளே.

எதிரே முக்காலியில் அவளுடைய தம்பி உட்கார்ந்திருந்தான். துறைமுகத்தில் கப்பல்களின் அடிப்புறத்தைச் சுரண்டிச் சுத்தம் செய்வது அவன் தொழில். தலை நரைத்தும் தோள் தளராதவன். அவனை ஒட்டி, அவனோடு எப்போதும் ஜோடியாக இறங்கும் கூட்டாளி நின்றிருந்தான். ஏணியில் பக்கவாட்டாகவே ஏறி இறங்குவதால் அவனுக்கு நண்டு என்று பெயர். பெற்றவர்கள் வைத்த பெயரை அவனே மறந்திருந்தாலும் வியப்பில்லை.

போன வாரம் தம்பி, நின்று ஏற வேண்டிய ஆழத்தில் நிற்காமல் ஏறிவிட்டான். நல்ல வேளையாக ஒன்றும் ஆகவில்லை. ஏன் நிற்கவில்லை என்று கேட்டதற்கு, பழைய கருவியின் திரை மங்கிவிட்டது என்றான். "ஒழுங்காப் படிக்கிற மாதிரி ஒண்ணு வாங்கிக் கட்டிட்டு வா. அதுவரைக்கும் தண்ணியில கால் வைக்காதே" என்று மேஸ்திரி சொல்லிவிட்டார். தம்பியின் வேலை இப்போது இந்த மேசையில்தான் கிடந்தது.

"அக்கா, எனக்கும் ஒண்ணு பார்த்துப் போட்டுக் குடுங்களேன்" என்றான் நண்டு.

"உனக்கு எதுக்கு? பக்கவாட்டுல போறவனுக்குக் கணக்குப் போட இன்னும் யாரும் கருவி கண்டுபிடிக்கல. நகந்து நில்லு, வெளிச்சத்தை மறைக்காதே."

நண்டு நகரவில்லை. தம்பியின் தோள்மேல் கையைப் போட்டுக்கொண்டு அங்கேயே நின்றான்.

முதல் கருவியை அவள் எடுத்தாள். "இது வண்ணத் திரை. கலங்கின தண்ணியிலயும் பளிச்சுன்னு எரியும். ஒரே குறை, அடிக்கடி சார்ஜ் போடணும். மறந்தா நடுவுல படுத்துக்கும். உன் போனையே நீ ஒழுங்கா சார்ஜ் போடறதில்ல."

"அதிருமா?"

"என்னது?"

"வேகமா ஏறினா கையில கிர்ருன்னு அதிருமான்னு கேட்டேன்."

"அதிரும். ஆனா எதுக்கு அதிருதுன்னு திரையைப் பார்த்தாத்தானே புரியும்? நீ வாங்க வந்தது கண்ணுக்கா, கைக்கா?"

தம்பி சிரித்தான். நண்டு சிரிக்கவில்லை.

வாய்ப்பேச்சைக் கேட்டுக் கருவி வாங்க அவள் யாரையும் விட்டதில்லை. கடையின் மூலையில் களிமண் கரைத்துக் கலக்கிய நீரோடு ஒரு தொட்டி இருந்தது. வாங்க வருகிறவர் கருவியைக் கட்டிக்கொண்டு முழங்கை வரை அதில் விட வேண்டும். அவள் விளக்கை அணைப்பாள். முகமூடியைத் தண்ணீரில் பதித்துத் திரையைப் பார்த்துவிட்டு, நிமிர்ந்து எண்ணைச் சொல்ல வேண்டும். கருவிக்குள் ஓடும் மாதிரி முக்குளிப்பை அவள் எப்போதும் ஒரே இடத்தில், பதினெட்டு மீட்டர் ஆழத்தில், நிறுத்தி வைத்திருப்பாள்.

தம்பி கையை விட்டுக் குனிந்து நிமிர்ந்தான். நண்டும் கூடவே குனிந்து நிமிர்ந்தான்.

"ஆழம் பதினெட்டு" என்றான் தம்பி.

"எவ்வளவு நேரம் பாக்கி?"

சற்றே மௌனம். தொலைதூரத் தொலைபேசியில் கேள்வி போய்ச் சேர்ந்து பதில் வருவதற்குள் ஓர் இடைவெளி இருக்குமே, அதைப் போல. "முப்பத்தொண்ணு."

சரிதான். அவள் அடுத்ததை எடுத்தாள். அது கைக்கடிகாரம் போலச் சிறியது. திசை காட்டும், உருளையில் எவ்வளவு காற்று மிச்சம் என்பதையும் கம்பியில்லாமல் காட்டும். தம்பி தொட்டுக்கூடப் பார்க்கவில்லை. "வசதியெல்லாம் சரிதான். எழுத்து கொசு மாதிரி இருக்கு. வேண்டாம்."

"அப்ப உனக்கு இதுதான்" என்று மூன்றாவதை முன்னால் நகர்த்தினாள். வண்ணம் கிடையாது, அலங்காரம் கிடையாது. சாம்பல் நிறத் திரையில் கட்டை விரல் அகலத்துக்குக் கறுத்த எண்கள். "பட்டன் பேட்டரி. ஒண்ணு போட்டா வருஷக்கணக்கா வரும். நீயே மாத்திக்கலாம். பாரு, இப்படித்தான் திறக்கணும்."

மூடியைத் திருகித் திறந்து, ரப்பர் வளையத்தை எடுத்துத் துடைத்து, பேட்டரியை வெளியே எடுத்துத் துணிமேல் வைத்தாள். அந்த நேரம் பார்த்து, கைப்பேசி அடிக்கிறதென்று வாசல் பக்கம் நகர்ந்த நண்டு, காலில் மாட்டி நீந்தும் துடுப்புகளை அடுக்கியிருந்த தட்டில் தோளை இடித்தான். அத்தனையும் சரிந்து விழுந்தன.

ஜோடி கலைந்து கிடக்கும் துடுப்புகளைப் பார்த்துக்கொண்டு அவளால் உட்கார்ந்திருக்க முடியாது. வளையத்தைப் பொருத்தி, மூடியைத் திருகி அடைத்துவிட்டு எழுந்து போனாள்.

"நேரா நடக்கக் கத்துக்கோடான்னு எத்தனை தடவை சொல்றது! இடது இடதா, வலது வலதா எடுத்து வை. அளவு மாறக்கூடாது. அடுக்கி முடிக்காம இந்தப் பக்கம் வராதே."

"இதோக்கா, இதோ..." என்று நண்டு தரையில் உட்கார்ந்தான். ஆனால் கண்கள் தொட்டிப் பக்கமே இருந்தன.

அவள் திரும்பி வருவதற்குள் தம்பி கருவியைக் கட்டித் தொட்டியில் கையை விட்டிருந்தான். விளக்கை அணைத்தாள். அவன் குனிந்தான், வேண்டிய நேரம் பார்த்தான், நிமிர்ந்து முகத்தை வழித்துக்கொண்டான்.

"எண் தெரியுதா?"

"தெரியும்க்கா. பதினெட்டு. பிரமாதம்!"

அவள் காதில் ஏதோ நெருடியது. தெரிகிறதா என்று கேட்டால் தெரிகிறது என்பதுதானே விடை? கண்ணுக்குப் படுவது தெரிகிறது. மனத்தில் இருப்பது தெரியும். சிறு வயதிலிருந்தே இவனுக்குச் சொல் இடம் மாறும் என்று எண்ணி, திருத்த வாயெடுத்தபடி விளக்கைப் போட்டாள்.

துணிமேல் பேட்டரி கிடந்தது.

அவள் அதையே பார்த்துக்கொண்டு நின்றாள். இத்தனை காலத்தில் ஒரு கருவியையும் அவள் இப்படிப் பாதியில் மூடியதில்லை. தம்பியின் மணிக்கட்டில் நீர் சொட்டிக்கொண்டிருந்த திரையில் ஒரு புள்ளிகூட இல்லை.

"இன்னொரு தடவை பார்த்துச் சொல்லு" என்றாள்.

அவன் கையைத் தூக்கி, தலையைச் சற்றே ஒரு பக்கமாகச் சாய்த்து, கடைக்கண்ணால் பார்ப்பவன்போலப் பார்த்தான். "பதினெட்டுதான். அதான் பளிச்சுன்னு இருக்கே!"

"அண்ணே" என்றான் தரையிலிருந்து நண்டு. "போதும்ணே. பேட்டரி வெளியில கிடக்கு."

நண்டின் கையிலிருந்த துடுப்பு மெல்லத் தரையில் இறங்கியது.

"எவ்வளவு நாளாடா?"

"நடுவுலதான்க்கா இல்ல" என்றான் தம்பி. "ஓரமெல்லாம் நல்லா இருக்கு. எதை நேராப் பார்க்கிறேனோ அது மட்டும் அழிஞ்சு போயிடுது. உன் தோடு ரெண்டும் ஜோராத் தெரியுது. மூஞ்சியைத்தான் காணோம்." பிறகு, "அதுவும் ஒரு விதத்துல நல்லதுக்குத்தான். திட்டறப்ப பார்க்க வேண்டாம்" என்றான்.

"டாக்டர்?"

"போனதைத் திருப்பித் தர முடியாதுன்னுட்டார்."

"உன் பொண்டாட்டிக்கு?"

"கண்ணாடி மாத்தணும்னு சொல்லி வச்சிருக்கேன்."

போன மாதம் வந்தபோது இவன் கதவின் கைப்பிடியைத் தேடித் தடவியது அவள் நினைவுக்கு வந்தது. குடித்துவிட்டு வந்திருக்கிறான் என்று வைது, வாசலோடு திருப்பி அனுப்பினாள். அவன் மறுத்து ஒரு சொல்லும் சொல்லவில்லை.

"அப்ப கீழே எப்படிடா?"

பதிலை நண்டு சொன்னான். "நான்தான்க்கா. ரெண்டு கருவியையும் நானே பார்த்துக்குவேன். அண்ணன் கையில பெருவிரலால ஒரு அழுத்து, பத்து. சுண்டுவிரலால ஒரு தட்டு, ஒண்ணு. கை மொத்தமும் சேர்த்து இறுக்கிப் பிடிச்சா, வேலையை விட்டுட்டு மேலே ஏறுன்னு அர்த்தம். அதுக்கு மட்டும் ஏன் எதுக்குன்னு கேட்கறதில்லைன்னு பேச்சு."

தோள்மேல் கிடந்த கை எதற்கென்று இப்போது அவளுக்கு விளங்கியது.

அவள் அவன் கையிலிருந்து புதிய கருவியைக் கழற்றி, உட்கார்ந்து மூடியைத் திறந்து பேட்டரியைப் பொருத்தினாள். வளையம் இருமுறை பிசகியது. திரை உயிர்பெற்றது.

"என்ன காட்டுது?" என்று தம்பி கேட்டான்.

"பதினெட்டு."

"அப்ப நான் சொன்னது சரிதானே!" என்றான்.

அவளால் சிரிக்க முடியவில்லை என்பது அவனுக்கு முகத்தைப் பாராமலே புரிந்திருக்க வேண்டும். முக்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டு மெதுவாகப் பேசினான்.

"அக்கா, அந்த அதிர்றதைக் குடுத்துடு. கப்பலுக்கு அடியில கண்ணுக்கு என்ன வேலை? சிப்பி எங்க ஒட்டியிருக்கு, பாசி எங்க தடிச்சிருக்குன்னு தடவித்தான் பார்க்கிறோம். தரையிலதான் நான் முட்டிக்கிறேன். தண்ணிக்குள்ள எல்லாரும் குருடந்தான். அங்க நான் யாருக்கும் குறைஞ்சவன் இல்ல."

அது பொய்யில்லை. அவளுடைய கை வண்ணத் திரைக் கருவியின் பக்கம் தானாகவே போயிற்று. அதைக் கொடுத்தால் நாளைக்கே இவன் வேலைக்குப் போவான். முகம் மலர்ந்து போவான். மேஸ்திரி கேட்டால் கடைக்கார அக்காவே பார்த்துக் கொடுத்தது என்பான்.

"நான் கூடவே இருக்கேன்ல" என்றான் நண்டு. "நான் இறங்க மாட்டேன்னா, வேற எவனோடயாவது இறங்குவார்க்கா. அவனுக்கு அழுத்தத் தெரியாது."

"போன வாரமும் கூடவேதானே இருந்தே?"

நண்டு தலையைக் குனிந்துகொண்டான். "நீரோட்டம் இழுத்துடுச்சுக்கா" என்றான். "என் கை நழுவிடுச்சு."

அவள் வண்ணத் திரைக் கருவியை விட்டுவிட்டாள்.

மேசையைச் சுற்றிக்கொண்டு தம்பியின் அருகே வந்தாள். பழைய கருவியைக் கட்டியிருந்த இடது முன்கை முழங்காலின்மேல் கிடந்தது. அதைத் தன் ஐந்து விரல்களாலும் இறுக்கிப் பிடித்தாள்.

அவன் உடனே தலையைத் திருப்பினான். அவள் முகத்தை அல்ல, அவளுடைய தோட்டைப் பார்த்தான்.

"அது என்ன அர்த்தம்னு இப்பத்தானே அவன் சொன்னான். தெரியாமப் பிடிக்கிறியா?"

"தெரிஞ்சுதான் பிடிக்கிறேன்."

அவள் பிடியைத் தளர்த்தவில்லை. அவன் உதடு ஏதோ கேட்பதற்காக ஒருமுறை அசைந்து, கேட்காமலே மூடிக்கொண்டது. பிறகு வலக் கையால் தடவிக் கொக்கியைத் தேடினான். உப்பு ஏறி இறுகியிருந்தது. நண்டு உதவிக்கு எழுந்து, அவள் பார்த்த பார்வையில் நின்ற இடத்திலேயே நின்றான். தம்பி நிதானமாக, தானே அதைக் கழற்றினான். வார் இருந்த இடத்தில் தோல் வெளுத்து, பிறந்த குழந்தையின் கையைப் போல இருந்தது.

பழைய கருவியை அவன் மேசைமேல் வைத்தான். கடலிலிருந்து மேலே வந்து எவ்வளவு நேரமாயிற்று என்பதை அது அப்போதும் எண்ணிக்கொண்டிருந்தது. மற்ற மூன்றுக்கும் பக்கத்தில் அது கோணலாகக் கிடந்தது. அக்காள் அதை நேராக்கவில்லை.