இராயப்பன் போன ரோடு

இராயப்பனின் கால்களில் சப்பாத்து ஏறவில்லை. பாதங்கள் வீங்கிப் போயிருந்தன. றோசலின் நாடாவை முழுவதும் உருவிவிட்டு, அப்பாவின் குதிகாலைத் தன் மடியில் வைத்து மறுபடியும் அழுத்திப் பார்த்தாள். செபமாலையோடு மூலையில் உட்கார்ந்திருந்த அம்மா டோரீன், காலுக்கு மேஸ் மட்டும் போதும், சப்பாத்தை விட்டுவிடு என்றாள். றோசலின் விடவில்லை. சப்பாத்தின் பின்பக்கத் தோலைக் கத்தியால் கீறினாள். ஏறியது.

இரவெல்லாம் இழுத்துக்கொண்டிருந்த மூச்சு, விடிகாலையில் வேலைக்குப் பேர் கூப்பிடும் பெரட்டுக்குச் சங்கு ஊதும் நேரத்தில் நின்றிருந்தது. தேயிலைத் தூசி தின்ற நெஞ்சு. கடைசி வாரம் முழுவதும் அவர் படுக்க மறுத்துச் சுவரில் சாய்ந்தே இருந்தார்.

சாயங்காலம் கணக்கப்பிள்ளை முத்துலிங்கம் அவர்கள் குடியிருந்த லயத்துக்கு வந்தார். தொப்பியைக் கழற்றினார், கும்பிட்டார், பெட்டிக்குப் பலகை வந்துவிட்டதா என்று விசாரித்தார். பிறகு வந்த விஷயத்தைச் சொன்னார். நாளை ஞாயிற்றுக்கிழமை துரை பங்களாவுக்குக் கொழும்பிலிருந்து விருந்தாளிகள் வருகிறார்கள். வழக்கம்போல ஆற்றோரக் குறுக்குப் பாதையில்தான் பிணத்தைக் கொண்டுபோக வேண்டும்.

குறுக்குப் பாதை போன வார மழையில் சரிந்து கிடந்தது. இடுகாட்டுக்கு நல்ல வழி என்றால் பங்களா ரோடு ஒன்றுதான். வெள்ளைக்காரன் காலத்திலிருந்து அதில் பிணம் போனதில்லை. தோட்டத்தை அரசாங்கம் எடுத்து, வெள்ளைக்காரத் துரை போய், நம் நாட்டுத் துரை வந்த பிறகும் போனதில்லை.

தம்பி டக்ளஸ் சரி என்று தலையை ஆட்டினான். அவன் தோட்டத்துக் கொழுந்து லொறி ஓட்டுகிறவன். கணக்கப்பிள்ளை போனதும், சரிந்த இடத்தில் பெட்டியைக் கயிறு கட்டி இறக்கிவிடலாம் அக்கா என்று மெதுவாகச் சொன்னான். றோசலின் நிமிரவில்லை. அப்பாவின் கோட்டுப் பொத்தானைப் போட்டுக்கொண்டிருந்தாள்.

இராயப்பன் கலியாணத்துக்கு முன்பே இங்கிலாந்து ராசாவின் பட்டாளத்தில் சேர்ந்து எகிப்துக்குக் கப்பல் ஏறியவர். துப்பாக்கியைவிட மண்வெட்டியைத்தான் அதிகம் பிடித்தேன் என்பார். ரோடு போட்டார், குண்டுப் பெட்டி இறக்கினார், செத்தவர்களுக்குக் குழி வெட்டினார். வெள்ளைக்காரன், கறுப்பன் எல்லாரையும் ஒரே ரோட்டில்தான் கொண்டுபோனோம் என்று அவர் சொல்லும்போது அதில் துக்கம் இருக்காது, ஒரு பிடிவாதம் இருக்கும்.

திரும்பி வந்து வட்டவளைப் பக்கம் ஒரு தோட்டத்தில் வேலைக்குச் சேர்ந்தார். துரையின் குதிரை வந்தால் ஆட்கள் ரோட்டை விட்டு ஓரத்துத் தண்ணீர்க் கானுக்குள் இறங்கி நிற்க வேண்டும். இராயப்பன் சப்பாத்துக் காலோடு ரோட்டிலேயே ஓரமாக நடந்தார். ஒருமுறை எச்சரித்தார்கள். மறுபடியும் நடந்தார். வேலையிலிருந்து நிறுத்தும் பத்துச்சீட்டைக் கையில் கொடுத்துத் தோட்டத்தை விட்டு விரட்டினார்கள். வயிற்றில் றோசலினைச் சுமந்த டோரீன், சட்டி பானைகளோடு அவர் பின்னால் திம்புள்ளப் பக்கம் ஏறி வந்தாள். அடுத்த சில வருஷங்களில் தோட்டத்து ஆட்களின் ஓட்டுரிமையும் போயிற்று. ராசாவுக்குச் சண்டைக்குப் போனவன் எந்த நாட்டுக்காரன் என்று கேட்டு வந்தவர்களிடம், நான் நிக்கிற இடத்தைப் பாத்தா தெரியலையா என்று கேட்டவர் அவர்.

இங்கே தேயிலை அரைக்கும் இஸ்டோரில் அவருக்கு இராவேலை. விடியற்காலையில் டோரீன் கொழுந்து கிள்ள மலைக்குப் போனதும், தூக்கம் வழியும் கண்ணோடு பிள்ளைகளுக்கு ரொட்டி தட்டுவார். றோசலினை முழங்காலுக்கிடையில் நிறுத்தித் தலைவாருவார். கூடாரக் கயிறு முறுக்குவதுபோல அவர் பின்னும் சடை சாயங்காலம்வரை அவிழாது. லயத்து ஆட்கள் சிரித்தார்கள். டோரீன் காய்ச்சலில் கிடந்தபோது அவளுடைய சேலைகளைத் தண்ணீர் பிடிக்கும் பீலிக்கரைக்கு எடுத்துப்போய் எல்லாரும் பார்க்கத் துவைத்தார். அதோடு சிரிப்பு நின்றது.

மறுநாள் செபம் முடிந்து பெட்டியைத் தூக்கினார்கள். பக்கத்து லயத்துச் செல்லசாமி தப்பு மேளத்தை எடுத்துக்கொண்டு முன்னால் போனான். குறுக்குப் பாதை பிரியும் இடத்தில் தூக்கியவர்கள் தயங்கினார்கள். தப்பு நின்றது. டக்ளஸ் கூட்டத்தின் பின்னால் எங்கோ இருந்தான். றோசலின் யாரையும் பார்க்காமல் பங்களா ரோட்டில் ஏறினாள். கொஞ்சம் கழித்துத் தப்புச் சத்தம் அவள் பின்னால் வந்தது.

பங்களா வாசலுக்கு முன்னால் துரை நடு ரோட்டில் நின்றிருந்தார். மேலே விறாந்தையில் விருந்தாளிகள் எழுந்து பார்த்தார்கள்.

"இந்த ரோட்டுல பொணம் கொண்டு போறதில்ல. ஒங்களுக்குத் தெரியும்தானே?"

"தெரியும் தொரை. அப்பாவுக்கும் தெரியும்."

"கணக்கப்பிள்ளை சொல்லலியா?"

"சொன்னாரு. அப்பா எந்த ரோட்டுலயும் நடந்துதான் போனாரு. கானுக்குள்ள எறங்கினதில்ல. இன்னைக்கு அவரால நடக்க முடியல, நாங்க தூக்கிட்டுப் போறோம்."

அவள் குரல் உயரவில்லை. கைகளைச் சேலைத் தலைப்பில் சுற்றிக்கொண்டாள். துரை அவளைத் தாண்டி, தூக்கியவர்களை ஒவ்வொருவராகப் பார்த்தார். முன்பக்கம் தூக்கியிருந்த பழனியாண்டியின் முகம் வெளுத்தது. அப்போது பின்னாலிருந்து டக்ளஸ் வந்தான். பழனியாண்டியை விலக்கிவிட்டுப் பெட்டிக்குக் கீழே தன் தோளைக் கொடுத்தான்.

"நடங்க," என்றான்.

ரோடு அகலமில்லை. பெட்டி நெருங்கி வந்தது. துரை ஒருகணம் அப்படியே நின்றார். பிறகு ஒரு காலைப் பின்னால் வைத்தார், இன்னொரு காலையும் வைத்தார். கானில் ஓடிய மழைத்தண்ணீர் அவர் சப்பாத்தை நனைத்தது. பெட்டி போனது. அதன் பின்னால் டோரீன் போனாள். அவள் பின்னால் லயமே போனது. ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை.

திங்கட்கிழமை விடியும்போதே டக்ளஸிடம் லொறிச் சாவியை வாங்கிக்கொண்டார்கள். றோசலினை வீட்டில் இருக்கச் சொன்னாள் அம்மா. துக்க வீட்டில் யாரும் குறை சொல்ல மாட்டார்கள் என்றாள். இன்றைக்கு வீட்டில் இருந்தால் ஒளிந்துகொண்டேன் என்பார்கள் என்று சொல்லிவிட்டு றோசலின் கொழுந்துக் கூடையை எடுத்தாள்.

பெரட்டில் கணக்கப்பிள்ளை பேர்களைக் கூப்பிட்டார். றோசலின் பேரைக் கூப்பிடவில்லை; அன்றைக்கு அவளுக்கு வேலை இல்லை என்று அர்த்தம். பெண்கள் மலை ஏறினார்கள். அவளும் ஏறி, காலியாக இருந்த ஒரு தேயிலை நிரையில் இறங்கிக் கொழுந்து கிள்ளத் தொடங்கினாள். பக்கத்து நிரையில் ராக்காயி தன் கறுப்புத் தேத்தண்ணிப் போத்தலை அவள் பக்கம் நீட்டினாள்.

பகல் நிறுவைக்கு வரிசையாக நின்றார்கள். லொறியிலிருந்து இறக்கி மலை வேலைக்கு விட்டிருந்த டக்ளஸ், தராசு தொங்கிய கம்பின் ஒரு முனையைத் தோளில் தாங்கியிருந்தான். றோசலின் முறை வந்தது. முத்துலிங்கம் அவளைப் பார்க்கவில்லை. பென்சிலைக் காதிலிருந்து எடுத்தார், மறுபடியும் செருகினார். அவள் கூடையை நிறுக்கும்வரை பின்னால் இருந்த பெண்கள் யாரும் முன்னால் வருவதாக இல்லை.

அவர் குனிந்து அவளுடைய கூடையைத் தூக்கித் தராசில் மாட்டினார். டக்ளஸ் தோளைச் சற்று உயர்த்திக் கொடுத்தான். ஈரக் கொழுந்திலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. முள் ஆடி நிற்கும்வரை எல்லாரும் காத்திருந்தார்கள்.