டீ மாஸ்டர் ஆற்றிய சோப்புத் தண்ணீர்

மூன்று நாட்களாக அந்தக் கேனை யாரும் தொடக் கூடாது என்று வீட்டில் உத்தரவு. போட்டவள் டீச்சர். கட்டுப்பட வேண்டியவர்கள் அவள் கணவரும் ஒரு பூனையும். பூனை சொன்னபடி கேட்டது.

கணவரை எல்லோரும் மாஸ்டர் என்றுதான் கூப்பிடுவார்கள். பேருந்து நிலையத்துக்கு எதிரே பதினான்கு வருடமாக டீ போடுகிறவர். அவரும் உத்தரவை மீற வேண்டும் என்று மீறவில்லை. அதைச் சொல்லிவிட வேண்டும், பாவம்.

கேனில் இருந்தது சோப்பும் கிளிசரினும் கலந்த தண்ணீர். கலக்கியபோது வந்த நுரை முழுக்க அடங்கட்டும், புதிதாக வந்துவிடக் கூடாது என்றுதான் அந்த உத்தரவு. டீச்சர் ஐந்து வருடமாகத் தற்காலிக வேலையில் இயற்பியல் நடத்துகிறாள். நிரந்தர வேலைக்கான தேர்வில் இரண்டு முறை கடைசிக் கட்டத்தில் போய்விட்டது. இது மூன்றாவது முறை. இதுவும் போனால் வயது வரம்பு தாண்டிவிடும், அப்புறம் விண்ணப்பமே போட முடியாது. மூன்று தேர்வாளர்கள் முன்னால் அரை மணி நேரம் ஒரு பாடம் நடத்திக் காட்ட வேண்டும். அவள் எடுத்துக்கொண்டது குமிழிகள்.

மாஸ்டர் கடைக்கு விடுப்புச் சொல்லிவிட்டு, பேருந்தில் கேனை மடியில் வைத்துக்கொண்டு, அலுங்காமல் குலுங்காமல் தேர்வு நடக்கும் பள்ளிக்கூட ஆய்வகம் வரை கொண்டுவந்து சேர்த்தார். அதுவரை ஒரு குறையும் இல்லை.

"இதை அந்தக் கண்ணாடி ஜாடியில ஊத்தி வைங்க. நான் கையெழுத்துப் போட்டுட்டு வந்துடறேன்" என்று டீச்சர் அலுவலகத்துக்குப் போனாள்.

ஒரு கையில் ஒரு பாத்திரம், இன்னொரு கையில் ஒரு பாத்திரம். பதினான்கு வருடப் பழக்கம் யாரைக் கேட்கும்? கேன் தோள் உயரத்துக்குப் போனது, ஜாடி இடுப்புக்கு இறங்கியது. ஊற்றியதை இன்னொரு குவளைக்கு மாற்றி, மறுபடி ஜாடிக்கு ஓர் ஆற்று ஆற்றினார். மூளை வந்து சேர்ந்தபோது ஜாடியில் பாதிக்கு மேல் வெள்ளை வெளேரென்று நுரை. கடையாக இருந்தால் பாராட்டியிருப்பார்கள்.

அதற்குள் தேர்வாளர்கள் வந்து உட்கார்ந்துவிட்டார்கள். பின்னாலேயே வந்த டீச்சர் ஜாடியைப் பார்த்தாள். பிறகு அவரைப் பார்த்தாள். மாஸ்டர் கடைசி பெஞ்சில் போய் ஒடுங்கி உட்கார்ந்தார்.

"ஒரு பெரிய குமிழி, ஒரு சின்னக் குமிழி. ரெண்டையும் ஒரு குழாயால இணைச்சா என்ன ஆகும்?" என்று டீச்சர் ஆரம்பித்தாள்.

"பெரிசுல இருந்து சின்னதுக்குக் காத்து போகும். ரெண்டும் சமமாயிடும்" என்றார் மூக்குக்கண்ணாடி போட்ட தேர்வாளர், இதென்ன கேள்வி என்பதுபோல.

டீச்சர் புன்னகையோடு குழாய் முனையை ஜாடியில் தோய்த்து ஊதினாள். ஒற்றைக் குமிழிக்குப் பதில் கொத்தாக ஏழெட்டு வந்தன. துடைத்துவிட்டு மறுபடி ஊதினாள். குழாய்க்குள் நுரை அடைத்துக்கொண்டது. மூன்றாவது தடவையும் அதே கதை. தலைமைத் தேர்வாளர், நரைத்த தலையைப் படிய வாரிய அம்மாள், கைக்கடிகாரத்தைப் பார்த்தார். ஐந்து வருடத்தையும் தானே சாக்கடையில் கொட்டிவிட்டதாக மாஸ்டருக்குத் தோன்றியது.

வேறு யாராக இருந்தாலும் அழுதிருப்பார்கள், அல்லது மன்னிப்புக் கேட்டிருப்பார்கள். டீச்சர் குழாயைக் கீழே வைத்தாள். ஜாடியைத் தூக்கிக்கொண்டு போய்த் தலைமைத் தேர்வாளர் முன்னால் வைத்தாள்.

"மேடம், இந்த நுரையில உங்களுக்குப் பிடிச்ச ஒரு சின்னக் குமிழியைக் காட்டுங்க."

அம்மாள் தயங்கி விரல் வைத்தார். கடுகளவு குமிழி, சுற்றிலும் பெரிய குமிழிகள். டீச்சர் கண்ணாடியின் வெளிப்பக்கம் பேனாவால் அதைச் சுற்றி ஒரு வட்டம் போட்டாள்.

"இதையே பார்த்துக்கிட்டு இருங்க. நான் பேசறேன்."

பேசினாள். தண்ணீருக்கு ஒரு தோல் உண்டு, அது எப்போதும் சுருங்கத்தான் பார்க்கும் என்றாள். குமிழியின் தோல் உள்ளே இருக்கும் காற்றை இறுக்குகிறது, குமிழி எவ்வளவு சின்னதோ அவ்வளவு இறுக்கம், ஆரம் பாதியானால் உள்ளே இருக்கும் மிகை அழுத்தம் இரண்டு மடங்கு என்றாள். ஒட்டியிருக்கும் குமிழிகளுக்கு நடுவே சுவர் மிக மெல்லியது, காற்று அதன் வழியே கசியும் என்றாள். பலகையில் ஒரே ஒரு சூத்திரம் எழுதினாள். கேட்கக் கேட்க மாஸ்டர் தன் பயத்தையே மறந்தார். இவளோடுதான் தினமும் சாப்பிடுகிறோமா, உப்புக் குறைவு என்று இவளிடமா சொல்கிறோம் என்று வெட்கமாக இருந்தது. பெருமையாகவும் இருந்தது.

"அட! காணோம்!" என்றார் அந்த அம்மாள், சின்னப் பெண்போல. வட்டத்துக்குள் பெரிய குமிழியின் சுவர் மட்டும் இருந்தது.

"சின்னது சமமாகாது மேடம். பெரிசுக்குள்ள போயிடும்."

அம்மாள் நிமிர்ந்தார். "இப்படித்தான் செய்யணும்னு திட்டம் போட்டு வந்தீங்களா?"

ஆமாம் என்று ஒரு சொல் சொல்லியிருக்கலாம்.

"இல்லை மேடம். குழாயிலதான் காட்டணும்னு வந்தேன். நுரை வந்தது தவறு."

"தப்பு என்னுது மேடம்!" மாஸ்டர் எழுந்து நின்றுவிட்டார். "நான் அவங்க வீட்டுக்காரர், டீக்கடை மாஸ்டர். ஊத்தச் சொன்னாங்க, நான் ஆத்திட்டேன்."

மூக்குக்கண்ணாடிக்காரர் சிரிப்பை அடக்கப் பார்த்து இருமினார். அம்மாள் சிரிக்கவில்லை.

"எதுவரைக்கும் படிச்சிருக்கீங்க?"

"எட்டாவது."

"நல்லதாப் போச்சு. அந்தச் சின்னக் குமிழி ஏன் காணாமப் போச்சுன்னு நீங்க சொல்லுங்க."

டீச்சரின் முகம் வெளுத்தது. அவளுடைய வேலை இப்போது அவர் நாக்கில் இருந்தது. மாஸ்டர் பலகையைப் பார்க்கவில்லை, ஜாடியைத்தான் பார்த்தார்.

"தோலு இழுத்துப் பிடிக்குதுங்க. சின்னதுல ரொம்ப இறுக்கிப் பிடிக்குது, பெரிசுல கொஞ்சம் தளர்வு. நடுவுல இருக்கிற சுவரு ரொம்ப மெலிசு. உள்ள இருக்கிற காத்து நெருக்கடி தாங்காம, கொஞ்சம் கொஞ்சமா சுவரு வழியாக் கசிஞ்சு பக்கத்துல இருக்கிற பெரிசுக்குப் போயிடுது. சின்னது இன்னும் சின்னதாகுது. ஆக ஆக இன்னும் இறுக்கம். அதனாலதான் கடைசியில சட்டுன்னு காணாமப் போகுது." கொஞ்சம் நிறுத்தி, "இந்தக் கடைசி விஷயம் அவங்க சொல்லலை, எனக்காத் தோணிச்சு. தப்பா இருந்தா மன்னிச்சுக்குங்க" என்றார்.

டீச்சர்தான் முதலில் வாயைத் திறந்தாள். எதிரே தேர்வாளர்கள் இருப்பதை மறந்து, வகுப்பில் சொல்வதுபோலவே சொன்னாள். "சரி. ரொம்பச் சரி."

தலைமைத் தேர்வாளர் கோப்பை மூடினார். "திங்கட்கிழமை எட்டரை மணிக்கு முதல் வகுப்பு உங்களுது. நேரத்துக்கு வந்துடுங்க."

டீச்சர் கேனை எடுக்கக் கை நீட்டினாள். மாஸ்டர் கடைசி பெஞ்சிலிருந்து வந்து, மூன்று பேர் பார்க்கிறார்களே என்றுகூட நினைக்காமல், அந்தக் கையைப் பிடித்துக்கொண்டார்.